மருந்தை எடுக்கும் முன் இலையைப் புரட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சோயாவில் புழு பற்றித்தான். அதிலும் ஏறக்குறைய எல்லாரும் கேட்பது ஒரே புழுவைப் பற்றி, புரோடீனியா என்று நாம் சொல்கிற புகையிலை வெட்டுப்புழு. அதனால் மற்றப் பயிர்க் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதையே கொஞ்சம் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, சோயா விதைத்து ஒரு மாதம் ஆகிறது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன். போன வாரம் வரை தினமும் ஒன்றிரண்டு அந்துப்பூச்சிதான் விழுந்தது, இந்த மூன்று நாளாகப் பை நிறைய கிடக்கிறது. வயலில் புழு எதுவும் கண்ணில் படவில்லை. முன்னெச்சரிக்கையாக இப்போதே மருந்து அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கு அடித்தால் அந்த மருந்து யார் மேல் படும் என்று யோசியுங்கள். புழு இன்னும் பிறக்கவே இல்லை. வயலில் இப்போது இருப்பது சிலந்தி, பொறிவண்டு, குளவி வகைகள், கண்ணாடி இறக்கைப்பூச்சி இவைதான், அதாவது வரப்போகிற புழுவைத் தின்பதற்காகக் காத்திருக்கிற கூட்டம். அதைக் கொன்றுவிட்டால் சில நாள் கழித்துப் பொரிக்கிற குஞ்சுப் புழுவுக்கு எதிரியே இருக்காது.

பொறியில் விழுந்தது அத்தனையும் ஆண் பூச்சி. பெண் பூச்சி விடுகிற வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து, பொறிக்குள் மாட்டுகிற ரப்பர் குமிழில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வாசனை என்ன வேதிப்பொருள் என்பதை 1973-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள், இன்று வரை அதுதான் பயன்பாட்டில் இருக்கிறது. ஆண் பூச்சியைப் பிடித்தால் இனப்பெருக்கம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் மீதி இருக்கிற ஓர் ஆண் பூச்சியே பல பெண் பூச்சிகளோடு சேரும். பொறி உங்களுக்குச் சொல்வது ஒரே ஒரு செய்தி: அந்துப்பூச்சி நடமாட்டம் ஆரம்பித்துவிட்டது, இனி முட்டையைத் தேடு. அந்தச் செய்தி உங்களுக்குச் சரியான நேரத்தில் கிடைத்திருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம்.

பூச்சி கூடிய நாளிலிருந்து கணக்குப் போடுங்கள். பெண் பூச்சி இரவில் இலைக்கு அடியில் குவியலாக முட்டை வைக்கும், ஒரு குவியலில் இருநூறு முந்நூறு முட்டை இருக்கும். வெயில் காலச் சூட்டில் 3 முதல் 5 நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சுகள் உடனே பிரிந்து போகாது, அதே இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டமாகச் சுரண்டித் தின்னும். இந்தக் கூட்டு வாழ்க்கை மூன்று நான்கு நாள்தான். அதற்குப் பிறகு சிதறி ஆளுக்கொரு செடியாகப் போய்விடும், பிறகு அவற்றைப் பிடிப்பது பெரும்பாடு. ஆக, பொறியில் கூட்டம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள்தான் உங்கள் கையில் இருக்கிற காலம். இந்தப் பூச்சியை அடக்குவதில் எனக்குத் தெரிந்த முக்கியமான ஒரே விஷயம் இந்தப் பத்து நாள்தான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

பொறி பற்றி இரண்டு மூன்று விஷயம். பயிரின் தலைக்கு ஓர் அடி மேலே இருக்கும்படி வையுங்கள், பயிர் வளர வளர உயர்த்திக்கொண்டே போங்கள். கண்காணிக்க மட்டும் என்றால் ஏக்கருக்கு இரண்டு போதும். குமிழை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பச்சைப் புழுவுக்கான குமிழைத் தொட்ட அதே கையால் இதையும் தொட்டு மாட்டாதீர்கள், வாசனை கலந்துவிட்டால் பூச்சி திரும்பிப் பார்க்காது. அப்புறம் முக்கியமானது: காலையில் எண்ணி எழுதி வையுங்கள். ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, நேற்றைவிட இன்று ஏறியதா இறங்கியதா என்பதுதான் பேச வேண்டும்.

கேள்வி: முட்டைக் குவியலைப் பார்த்துப் பறித்து அழியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் வயல் முழுக்க நடந்தேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எப்படி இருக்கும், எங்கே தேட வேண்டும்?

பதில்: நடந்தால் படாது, குனிய வேண்டும். முட்டை பெரும்பாலும் இலைக்கு அடிப்பக்கம்தான் இருக்கும். விரல் நகத்தில் பாதி அளவு, பழுப்பு கலந்த மஞ்சள் நிறத்தில், ரோமம் மூடிய ஒரு திட்டாகத் தெரியும். அந்த ரோமம் தாய்ப்பூச்சி தன் வயிற்றுப் பகுதியிலிருந்து உதிர்த்துப் போர்த்தியது. கையால் தடவினால் முடி விலகி, உள்ளே வெளிர் நிறத்தில் மணி மணியாக அடுக்கி வைத்த முட்டை தெரியும். பொரிக்கப் போகிற சமயத்தில் உள்ளே இருக்கிற புழுவின் தலை கறுப்பாகத் தெரிவதால் மொத்தத் திட்டும் கருத்துக் காணப்படும்.

முட்டை கண்ணில் படவில்லை என்றால் பரவாயில்லை, அடுத்த கட்டத்தை எளிதாகப் பிடிக்கலாம், சொல்லப்போனால் நான் நம்புவது இதைத்தான். பொரித்த குஞ்சுகள் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும், மேல்தோலையும் நரம்பையும் விட்டுவிடும். அந்த இலை பச்சை இழந்து வெளுத்து, வெயில் ஊடுருவுகிற மெல்லிய சருகாகத் தெரியும். அடர்ந்த பச்சைப் பயிருக்கு நடுவே இப்படி ஒற்றை இலை வெளுத்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்தில் போய் மெதுவாகப் புரட்டுங்கள். இளம் பச்சை உடம்பும் கறுத்த தலையுமாக நூலளவு புழுக்கள் நூற்றுக்கணக்கில் தலையைத் தலையோடு சேர்த்துக்கொண்டு தின்றுகொண்டிருக்கும். இலையைச் சட்டென்று ஆட்டினால் சில நூல்விட்டுத் தொங்கிக் கீழே இறங்கும், ஆகவே பறிக்கும் முன் கீழே ஒரு கையையோ பையையோ ஏந்துங்கள். அந்த ஓர் இலையைப் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் முந்நூறு புழு முடிந்தது. எந்த மருந்தாலும் இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு சிக்கனமாக ஒரு வேலையைச் செய்ய முடியாது.

தேடுகிற முறை: வரப்போரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது, ஓரத்துப் பயிர் எப்போதும் நடுவயலைப்போல் இருக்காது. வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து ஐந்து இடத்திலாவது நில்லுங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஒரு மீட்டர் நீள வரிசையில் உள்ள செடிகளை அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை சாதாரணமாகப் போதும், பொறியில் பூச்சி ஏறுகிற நாள்களில் வாரத்துக்கு இரண்டு முறையாவது போங்கள்.

பயிர் வளர்ந்து வரிசை மூடிக்கொண்ட பிறகு கண்ணால் மட்டும் பார்ப்பது போதாது. ஒரு மீட்டர் நீள வெள்ளைத் துணியை இரண்டு வரிசைக்கு நடுவே தரையில் விரியுங்கள். ஒரு பக்கத்து வரிசைச் செடிகளைத் துணிமேல் சாய்த்துப் பலமாக உலுக்குங்கள். இப்போது துணியைப் பாருங்கள்: உதிர்ந்த பூ, காய்ந்த இலைத்துணுக்கு, கடுகைப் போன்ற கரும்பச்சை எச்சம், இவற்றுக்கு நடுவே சுருண்டு கிடக்கிற புழுக்கள். சற்று நேரம் பேசாமல் இருந்தால் சுருண்டது நீண்டு நகர ஆரம்பிக்கும், அப்போது எண்ணுவது சுலபம். புழுவோடு விழுந்த சிலந்தியையும் பொறிவண்டையும் எண்ணி எழுதுங்கள். புழு குறைவாகவும் இவை நிறையவும் இருந்தால் இன்னும் மூன்று நாள் பொறுக்கலாம் என்று துணிந்து முடிவெடுக்க அந்த எண்ணிக்கைதான் உதவும்.

கேள்வி: பயிருக்கு 35 நாள். இலையெல்லாம் சல்லடையாக ஓட்டை. பக்கத்து வயல்காரர் மகசூல் போச்சு என்கிறார். உண்மையிலேயே அவ்வளவு நஷ்டம் வருமா?

பதில்: பதறாதீர்கள். பூ எடுப்பதற்கு முன்பு சோயா தாங்குகிற அளவு பார்ப்பவர்களுக்கு நம்பவே கடினமாக இருக்கும். பயிர் நல்ல வளர்ச்சியில் இருந்தால், பூக்கும் முன் மொத்த இலைப் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் போனாலும் மகசூலில் பெரிய வித்தியாசம் வராது. செடி தனக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இலை விடுகிறது, மேல் இலையில் ஓட்டை விழுந்தால் அந்த வழியாக வெளிச்சம் கீழ் இலைக்கு இறங்குகிறது, புது இலையும் வந்துகொண்டே இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து ஈடு கட்டிவிடுகிறது.

பூ எடுத்து, காய் பிடித்து, மணி முற்றுகிற கட்டத்தில் கதை வேறு. அப்போது புது இலை வருவது குறைந்துவிடும், காய்க்குள் மணி நிரம்புவதற்கான சத்து முழுவதும் இருக்கிற இலையிலிருந்துதான் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் 15 முதல் 20 சதவீதம் இலை போனாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். புரோடீனியா வளர்ந்த பிறகு பூவையும் இளங்காயையும் கடிக்கும், அப்போது இலைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, காயில் பல் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது? இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். வரப்பில் நின்று பார்த்தால் மேலே இருக்கிற, அதிகம் கடிபட்ட இலைதான் தெரியும், மனசு உடனே பாதி போய்விட்டது என்று சொல்லிவிடும். கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் ஏறக்குறைய எப்போதும் சேதத்தைக் கூட்டித்தான் சொல்கிறார்கள். வயலின் வெவ்வேறு இடங்களில் செடியின் மேல், நடு, கீழ் மூன்று பகுதியிலிருந்தும் கூட்டிலைகளைப் பறியுங்கள். சோயா இலை மூன்று சிற்றிலை சேர்ந்தது அல்லவா, ஒவ்வொரு கூட்டிலையிலும் அதிகம் கடிபட்ட ஒன்றையும் கடிபடாத ஒன்றையும் கிள்ளிப் போட்டுவிட்டு நடுத்தரமான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்ந்த இருபது முப்பது சிற்றிலைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று எழுதிச் சராசரி எடுங்கள். 50 என்று பயந்தது 15, 20 என்று வரும்.

உங்கள் பயிருக்கு 35 நாள் என்கிறீர்கள், பூத்துவிட்டதா என்று எழுதவில்லை. ரகத்தைப் பொறுத்து இந்த வயதில் பூ தொடங்கியும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் புழு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இருந்து, பொழுது சாய்ந்த பிறகு தேடியும் புழு இல்லை என்றால் அது கூட்டுப்புழுவாகி மண்ணுக்குள் போய்விட்டது என்று அர்த்தம், இப்போது மருந்து அடிப்பது ஓட்டைக்கு அடிப்பதுதான். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தண்ணீர் இல்லாமல் வாடுகிற பயிர், இரண்டு மூன்று இலைப் பருவத்து நாற்று, களையோடு போராடுகிற பயிர் இவற்றுக்கு 30 சதவீதக் கணக்கு பொருந்தாது. அங்கே முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

கேள்வி: மருந்து அடித்து மூன்று நாள் ஆயிற்று, ஒரு புழுகூடச் சாகவில்லை. மருந்து போலியா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. எத்தனை மணிக்கு அடித்தீர்கள்? வளர்ந்த புரோடீனியா வெளிச்சத்துக்குப் பயப்படும், பகலில் மண் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் செடியின் அடிப்பாகத்திலும் பதுங்கிவிடும், பொழுது சாய்ந்த பிறகுதான் ஏறி வந்து தின்னும். காலை பத்து மணிக்கு மேல்இலையில் மருந்து காய்ந்து போனால் அதைச் சந்திக்காமலே அது இரவு முழுக்க வேறு இலையைத் தின்றிருக்கும். மாலையில் அடியுங்கள். சோயாப் பூவுக்குத் தேனீ வரும் என்பதாலும் மாலைதான் நல்லது.

புழு எந்த அளவு? அரை அங்குலத்துக்குள் இருக்கும்போது சாகிற புழு, ஒன்றரை அங்குலம் வளர்ந்து உடம்பில் மஞ்சள் கோடும் பக்கவாட்டில் கறுப்பு முக்கோணப் புள்ளிகளும் தெளிவாகத் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டால் அதே அளவு மருந்தில் சாகாது. இன்னொன்று, அந்தப் பருவத்தில்தான் அது தின்பதும். ஆறு பருவம் தோல் உரிக்கிற இந்தப் புழு தன் வாழ்நாளில் தின்கிற இலையில் முக்கால்வாசிக்கு மேல் கடைசி இரண்டு பருவத்தில் தின்றுவிடுகிறது. ஆகவே பெரிய புழுவைப் பார்த்து அடிப்பவர் சேதம் முடியப்போகிற நேரத்தில் அடிக்கிறார்.

தண்ணீர் எவ்வளவு சேர்த்தீர்கள்? வரிசை மூடிய பயிருக்குக் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் அளவுக்குக் கலவை வேண்டும், பாதித் தண்ணீரில் ஓடி ஓடி அடித்தால் இலையின் அடிப்பக்கமும் கீழ் இலைகளும் நனையவே நனையாது. இன்னும் ஒன்று, சில புது மருந்துகள் பட்டவுடன் புழுவைச் சாகடிப்பதில்லை. வாயைக் கட்டிவிடும், தின்பதை நிறுத்திய புழு இரண்டு மூன்று நாள் இலையிலேயே கிடந்து பிறகு செத்து விழும். தோல் உரிப்பதைத் தடுக்கிற நோவலூரான் போன்றவை இன்னும் மெதுவானவை. உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, புதிதாகக் கடித்த தடம் இருக்கிறதா, ஈரமான புது எச்சம் விழுகிறதா என்று பாருங்கள்.

வளர்ந்த புழு நிறைய இருக்கிற இடத்தில் தெளிப்பைவிட இரை வைப்பது பலன் தரும். ஏக்கருக்கு 5 கிலோ தவிடு, அரைக்கிலோ வெல்லம், இதோடு அந்தப் பயிருக்கும் அந்த முறைக்கும் அனுமதி உள்ள மருந்தைக் கலந்து பிசைந்து, சிறு உருண்டையாகப் பொழுது சாயும் நேரத்தில் செடி அடியில் போட வேண்டும். ஆடு மாடு கோழி வயலுக்குள் வரக் கூடாது. இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது, அப்படிக் காவல் வைக்க முடியாதவர்கள் இந்த முறையையே எடுக்க வேண்டாம்.

கேள்வி: போன பட்டத்தில் நன்றாகக் கேட்ட மருந்து இந்தப் பட்டத்தில் இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை. அளவைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூட்டாதீர்கள். உலகத்தில் பூச்சிமருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்ட புழுக்களில் இது முன்வரிசையில் நிற்கிறது, பழைய பைரித்திராய்டு, ஆர்கனோபாஸ்பேட் வகைகள் பல இடங்களில் இதன் மேல் எடுபடுவதே இல்லை. அளவைக் கூட்டினால் தாங்குகிற புழு மட்டும் மிஞ்சி அதன் வாரிசுகள்தான் அடுத்த தலைமுறை. மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று ஓடுகிற பூச்சியிடம் இந்தப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது.

செய்ய வேண்டியது, மருந்தின் பெயரை மாற்றுவது அல்ல, வகையை மாற்றுவது. பல டப்பாக்களின் லேபிளில் மருந்து செயல்படும் விதத்துக்கு ஓர் எண் போட்டிருக்கும். குளோரான்ட்ரானிலிபுரோல் 28-வது வகை, ஃப்ளூபென்டியமைடும் அதே 28. வேறு வேறு பெயர், வேறு வேறு டப்பா, புழுவுக்கு இரண்டும் ஒன்றுதான். எமாமெக்டின் பென்சோயேட் 6, ஸ்பினோசாட் 5, இண்டாக்சாகார்ப் 22, நோவலூரான் 15. ஒரு தலைமுறைப் புழுவுக்கு ஒரு வகை என்றால் அடுத்த தலைமுறைக்கு வேறு எண். உங்கள் பகுதியில் சோயாவுக்கு அனுமதி உள்ளதை மட்டும், லேபிளில் போட்ட அளவில் மட்டும். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதில் ஒரே நேரத்தில் எல்லா வகைக்கும் புழுவைப் பழக்கிவிடுகிறோம், வயலில் இருந்த நன்மை செய்யும் பூச்சியும் துடைத்துப் போய்விடுகிறது, அடுத்த வாரம் சிலந்திப்பேனும் வெள்ளை ஈயும் வந்து நிற்கிறது.

கேள்வி: சோயாச் செடி நுனியில் சில புழுக்கள் தலைகீழாகத் தொங்கிச் செத்துக் கிடக்கின்றன, தொட்டால் தண்ணீர் போல் வடிகிறது. எதுவும் அடிக்கவில்லை. இது என்ன நோய்? மாட்டுக்கோ எங்களுக்கோ பரவுமா?

பதில்: நல்ல செய்தி எழுதியிருக்கிறீர்கள். அது என்.பி.வி. என்கிற நச்சுயிரி தாக்கிய புழு. நோய் பட்ட புழு சாகும் முன் செடியின் உச்சிக்கு ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு தலை கீழாகத் தொங்கிச் சாகும். உடம்பு கரைந்து உள்ளே இருப்பது வெளிறிய திரவமாக வடியும், அந்தத் திரவம் கீழ் இலைகளில் சொட்டி மற்றப் புழுக்கள் அதைத் தின்று நோய் பரவுகிறது. மனிதனுக்கோ மாட்டுக்கோ பறவைக்கோ மீனுக்கோ தேனீக்கோ வராது. அது மட்டும் இல்லை, புரோடீனியாவைக் கொல்கிற என்.பி.வி. பச்சைப் புழுவைக்கூட ஒன்றும் செய்யாது, அதற்குத் தனி நச்சுயிரி இருக்கிறது. வாங்கும்போது எந்தப் புழுவுக்கானது என்று பார்த்து வாங்குங்கள்.

தெளிப்பதற்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 புழுச்சமம், அதாவது ஏக்கருக்கு 100. பெயர் சொல்வதுபோல, நோயில் செத்த வளர்ந்த புழு ஒன்றில் இருக்கிற நச்சுயிரி அளவைத்தான் ஒரு புழுச்சமம் என்கிறோம். ஏக்கருக்கு ஒரு கிலோ வெல்லத்தையும் கொஞ்சம் ஒட்டும் திரவத்தையும் சேர்த்து, கட்டாயம் மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்த நச்சுயிரியை வேகமாகச் செயலிழக்கச் செய்துவிடும், காலையில் அடித்தால் சாயங்காலத்துக்குள் வீரியம் குறைந்து போகும். புழு தின்றால்தான் வேலை செய்யும், சாக 4 முதல் 7 நாள் ஆகும், பெரிய புழுவில் பலன் குறைவு. ஆக, நான் மேலே சொன்ன வெளுத்த இலைக் கட்டம்தான் இதற்கும் ஏற்ற நேரம். மூன்று நாளில் புழு சாகவில்லை என்று மேலே வேறு மருந்தை ஊற்றிவிடாதீர்கள், இந்தப் பொறுமைதான் பலருக்கு வருவதில்லை.

இதோடு இன்னொன்றும் பார்க்கக் கிடைக்கலாம். மழையும் ஈரமும் தொடர்ந்தால் சில புழுக்கள் விறைத்து, முதலில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பிறகு இளம் பச்சைப் பொடி பூத்து இலையோடு ஒட்டிக் கிடக்கும். அது நோமூரியா என்கிற பூஞ்சாணம். அது பரவ ஆரம்பித்த வயலில் ஒரு வாரத்தில் புழுக்கூட்டம் சரிந்துவிடுவது உண்டு. அந்த நேரத்தில் தேவையில்லாமல் பூஞ்சாணக்கொல்லி அடித்தால் இதையும் சேர்த்துத்தான் கொல்வீர்கள்.

கேள்வி: டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டினேன். மக்காச்சோளத்தில் பலன் தெரிந்தது, சோயாவில் புரோடீனியாவுக்கு ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: முட்டை மேல் இருக்கிற அந்த ரோமப் போர்வைதான் காரணம். டிரைக்கோகிரம்மா மிகச் சிறிய குளவி, அந்த ரோமத்தை விலக்கி, அடுக்கடுக்காக இருக்கிற பூச்சி முட்டை வரை போய் அதற்குள் தன் முட்டையை இட அதற்குத் திறன் போதாது, மேல் அடுக்கில் சிலவற்றை மட்டும் தொடும். இதற்கு டெலினோமஸ் ரீமஸ் என்கிற வேறு குளவி இருக்கிறது, அது போர்வைக்குள் நுழைந்து அடி அடுக்கு வரை போகும். கிடைத்தால் அதை விடுங்கள், கிடைக்கவில்லை என்றால் முட்டைக் குவியலைக் கையால் பறிப்பதே மேல்.

கேள்வி: வரப்போரம் ஆமணக்கு போடச் சொல்கிறார்கள். அது புழுவை நாமே கூப்பிட்டு வைப்பது ஆகாதா?

பதில்: ஆகும், கூப்பிடத்தான் போடுகிறோம். சோயாவைவிட ஆமணக்கின் அகலமான இலையில் முட்டை வைக்கவே தாய்ப்பூச்சி விரும்பும், அந்தப் பெரிய இலையில் குவியலும் வெளுத்த திட்டும் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் வாரம் இரண்டு முறை போய் அந்த இலைகளைப் பறித்து அழிக்க உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும் போடுங்கள். போட்டுவிட்டு மறந்தால் நீங்கள் பயந்ததுதான் நடக்கும், ஆமணக்கை முடித்துவிட்டுப் புழு வரிசையாகச் சோயாவுக்குள் இறங்கும்.

கேள்வி: வேப்பங்கொட்டைச் சாறு இந்தப் புழுவுக்குக் கேட்குமா?

பதில்: குஞ்சுப் பருவம் வரை கேட்கும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து மாலையில் அடியுங்கள். தாய்ப்பூச்சி முட்டை வைக்கத் தயங்கும், குஞ்சு தின்னத் தயங்கும். வளர்ந்த புழுவிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன். எங்கள் சோயாவில் அங்கங்கே ஓர் இலை, ஒரு கிளை மட்டும் தொங்கி வாடுகிறது. வெளியே புழு இல்லை. புரோடீனியா மருந்தையே அடிக்கலாமா?

பதில்: தம்பி, வாடிய இடத்துக்குக் கீழே காம்பையோ தண்டையோ உற்றுப் பாருங்கள். சுற்றி வளைத்துக் கீறினாற்போல இரண்டு வளையம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சிறு இடைவெளியில் இருக்கிறதா? இருந்தால் அது புரோடீனியா இல்லை, தண்டை வளையம் போடுகிற வண்டு. பெண் வண்டு இரண்டு வளையம் கடித்து நடுவே முட்டையைச் செருகிவிட்டுப் போகும், பொரித்த புழு தண்டுக்குள்ளேயே குடைந்துகொண்டு கீழே இறங்கும். வெளியே அடிக்கிற மருந்து உள்ளே இருக்கிற புழுவைத் தொடாது. வாடிய பகுதியைக் கீழ் வளையத்துக்குக் கீழே ஒடித்து எடுத்துப் போய் அழியுங்கள், அதை வயலிலேயே போட்டுவிட்டு வராதீர்கள். வளையம் இல்லை, தண்டைப் பிளந்தால் நடுவில் சிவந்த கோடாகக் குடைந்திருக்கிறது என்றால் தண்டு ஈ. இரண்டில் எது என்று பார்த்து எழுதுங்கள், தனியாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: காய் முற்றிவிட்டது, இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்திருக்கிறது. இப்போது புழு தெரிகிறது. கடைசியாக ஒரு முறை அடித்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். மணி முழுதாக நிரம்பி இலை தானாகப் பழுக்கத் தொடங்கிய பிறகு புழு தின்கிற இலை செடிக்கு இனித் தேவைப்படாத இலை. காயைக் கடித்துத் துளைக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும், இப்போது அடித்தால் அந்த நாள் முடியும் முன் நீங்கள் அறுத்துவிடுவீர்கள், விஷம் மணியோடு வீட்டுக்கு வரும்.

அந்தச் செலவை அறுவடைக்குப் பிறகு ஓர் உழவுக்கு வையுங்கள். இந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிச் செம்பழுப்புக் கூட்டுப்புழுவாக ஒரு வாரம் பத்து நாள் கிடக்கும், உழுது புரட்டினால் மேலே வந்து வெயிலில் காய்வது பாதி, கொக்கும் மைனாவும் பொறுக்குவது பாதி. வரப்பில் இருக்கிற களைகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள், அடுத்த பயிர் வரும் வரை புழு அதில்தான் தங்கிப் பிழைக்கிறது. அடுத்ததாக நிலக்கடலையோ பருத்தியோ போடுவதாக இருந்தால் பொறியைக் கழற்றாமல் அப்படியே வைத்திருங்கள், அவற்றுக்கும் இதே பூச்சிதான் வரும்.